வாசல் தாண்டிய ராஜாளி

ஹிங்கோல் ஆற்று முகம்
3 அக்டோபர் 1997

அன்புத் தங்கை மாஹ்கானுக்கு,

அண்ணன் சப்ஸலின் சலாம். நானும் உன் அண்ணி ராஜ்பீபியும் நலம். அவளுக்கு முட்டி வலி, எனக்கு அவள் புலம்பலைக் கேட்டுக் காது வலி, மற்றபடி ஒரு குறையுமில்லை. நீயும் குட்டி ஸைனுவும் எப்படி இருக்கிறீர்கள்? கராச்சியில் புழுக்கம் குறைந்ததா? உன் வீட்டுக்காரர் தில்முராதுக்கும் என் சலாமைச் சொல். அவர் வாங்கிக்கொள்ளாவிட்டால் நீயே வைத்துக்கொள்.

இனி ஹால். பாயில் உட்கார்ந்து ஹால் சொல்கிறவன் கண்ட செய்தி, கேட்ட செய்தி எதையும் விழுங்கக் கூடாது என்பார் அப்பா. நீ எதிரில் பாயில் உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆமைகள் கரையேறத் தொடங்கிவிட்டன. முந்தாநாள் ஒரு கிழட்டு ஆமை என் காவல் குடிசையின் வாசலிலேயே குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விட்டது. தேசியப் பூங்காச் சட்டப்படி அந்த இடத்தில் இனி நான் கால் வைக்கக் கூடாது. பின்பக்கத்துப் பாய்ச்சுவரைப் பிரித்து அதன் வழியாகப் போய்வருகிறேன். ஆற்றில் பெரிய முதலை சௌக்கியம். மலையாடுகளில் ஒற்றைக்கொம்பன் இந்த வருஷமும் உயிரோடு இருக்கிறான், கிழவனாகியும் பெட்டைகளின் பின்னால் அலைவதை விடவில்லை.

முக்கியமான செய்தி, ராஜாளிகள் வடக்கிலிருந்து வந்துவிட்டன. எங்கே என்றால், சேறு கக்கும் குன்றைத் தாண்டிப் போனால் கடலைப் பார்த்த மலையில் மூன்று வெட்டு இருக்கும். நடு வெட்டில் ஒட்டகக் கழுத்து மாதிரி ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கும். தலை முழுக்க எச்சம் வெளுத்துக் கிடக்கும், தப்பவே தப்பாது. உச்சி வெயிலில் நிழல் ஒடுங்கும் நேரத்துக்கு ஒரு பெண் ராஜாளி தினமும் அங்கே வந்து உட்கார்ந்து இறகு கோதுகிறது. நான் இருபதடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன், என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அதன் மார்பில் இருக்கும் புள்ளிகளை எண்ணிக்கொண்டே ரொட்டி தின்கிறேன். இதைவிட என்ன வேண்டும் சொல்.

லாரிக்கார இஸாவிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பை பேரீச்சை கொடுத்திருக்கிறேன். வழியில் அவன் தின்றது போக மீதி உனக்கு.

உன் நலனே வேண்டும் அண்ணன்,
சப்ஸல்

*

லியாரி, கராச்சி
17 அக்டோபர் 1997

அண்ணனுக்கும் அண்ணிக்கும் மாஹ்கானின் சலாம்.

நாங்கள் சுகம். அண்ணியின் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடாக்கித் தேய்க்க வேண்டும். பேரீச்சை பாதிப் பை வந்தது. இஸாவுக்கு மனசாட்சி வளர்ந்துகொண்டிருக்கிறது, போன தடவை கால் பைதான் வந்தது.

உங்கள் கடிதம் வந்த அன்று இந்த வீட்டில் பாட்டுக் கச்சேரி மாதிரி. நான் சத்தமாக வாசிக்க, ஸைனு ஆமைக் கதையை மூன்று தடவை கேட்டாள். அவர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். முடித்ததும் சுவரைப் பார்த்தபடியே கேட்டார், "எந்தப் பாறைன்னு எழுதியிருக்காரு? இன்னொரு தடவை படி."

அண்ணா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பா மகன் கல்யாணத்தில் உங்கள் பூங்காக் காவல் தொப்பியைப் பார்த்து "ஆட்டுக்கு ஆயா வேலை" என்று அவர் வாய்விட்டதும், நீங்கள் சாப்பிடாமல் எழுந்து போனதும் நடந்து நான்கு வருஷமாகிறது. இத்தனை காலத்தில் உங்களைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். நான் சந்தோஷமாக இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

அவருக்கு இப்போதெல்லாம் ஷார்ஜா ஞாபகம்தான். அவரோடு பந்து விளையாடின இரண்டு பேர் போய்விட்டார்கள், இவருக்கு மட்டும் விசா கிடைக்கவில்லை. நாளைக்கு ஓர்மாராவுக்குப் படகு வேலைக்குப் போகிறார், ஒரு மாதம் ஆகுமாம். கூட்டாளிக்குக் கொடுக்க இரண்டு புறாக்களைக் கூண்டில் எடுத்துப் போகிறார். படகில் புறா எதற்கு என்று கேட்டால் சிரிக்கிறார். போகிற வழியில் உங்கள் வீட்டில் இறங்கச் சொன்னேன். மாட்டேன் என்று சொல்லவில்லை.

உங்கள் துஆவை நாடும்,
மாஹ்கான்

*

காவல் குடிசை
5 நவம்பர் 1997

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் சலாம். உடம்பு நலம், மனசு நலமில்லை. நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான்கு நாளாகப் பெண் ராஜாளி பாறையில் சரியாக உட்காரவில்லை. சந்தேகப்பட்டு இன்று மறுபக்கமாக ஏறினேன். ஒட்டகக் கழுத்துக்குக் கீழே கல் அடுக்கி ஒருவன் பதுங்கியிருந்தான். முகத்தைத் தலைப்பாகைத் துணியால் சுற்றியிருந்தான். முன்னால் ஒரு புறா, காலில் நூல், முதுகில் கண்ணி. நான் கத்துவதற்குள் ராஜாளி இறங்கிவிட்டது. கண்ணியில் நகம் மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டது, பாவி அதைத் துணியில் சுருட்டிக்கொண்டு ஓடினான்.

விரட்டினேன். எனக்கு நாற்பத்தாறு வயது, அவன் இளந்தாரியாகவும் தெரியவில்லை. இரண்டு கிழட்டு ஆடுகள் ஓடின மாதிரிதான் இருந்திருக்கும். சரளைச் சரிவில் விழுந்து எழுந்தான், அப்போதிருந்து நொண்டினான். ஆற்றுப் புதருக்குள் புகுந்து, எங்கள் குடியிருப்புப் பக்கமாகப் போய் மறைந்துவிட்டான்.

இந்தப் பாறை யாருக்கும் தெரியாது மாஹ்கான். இங்கே ஆடு மேய்க்கிறவர்களுக்கே தெரியாது. அவனுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் மண்டை காய்கிறது. ரேஞ்சர் சாகிபுக்கு அறிக்கை எழுதக் காகிதம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆள் யாரென்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். வீட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, வீடுவீடாகத் தேடப்போகிறேன்.

6 நவம்பர். நேற்று இந்தக் கடிதத்தை முடிக்கவில்லை. வீட்டில் ஒரு விருந்தாளி வந்திருக்கிறார். நாங்கள் நலம். அண்ணி சலாம் சொல்கிறாள். வேறு விசேஷமில்லை.

சப்ஸல்

*

லியாரி
21 நவம்பர் 1997

அண்ணனுக்கு, மாஹ்கானின் சலாம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் பாதியில் அறுந்த கயிறு மாதிரி வந்து சேர்ந்தது. ஆற்று முதலை என்ன தின்றது என்றுகூட எழுதுகிற மனிதர் நீங்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி யாரென்று எழுதவில்லை. அந்தத் திருடனைத் தேடினீர்களா, பிடித்தீர்களா, அதுவுமில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இப்படி எழுதினால் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்வேன்.

இவரிடமிருந்தும் ஒரு தகவலும் இல்லை. நேற்று ஓர்மாராப் படகுக்காரர்கள் மீன் சந்தைக்கு வந்திருந்தார்கள், போய்க் கேட்டேன். "தில்முராதா? அந்தப் பக்கமே வரலையேம்மா" என்றார்கள். ஒரு மாதமாகிறது. ஸைனு வாசலில் லாரிச் சத்தம் கேட்டாலே ஓடுகிறாள். நானும் பின்னாலேயே ஓடுகிறேன்.

உங்களுக்கு எல்லாக் குடியிருப்பிலும் ஆள் உண்டு. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு அவரைப் பற்றி விசாரித்து எழுதுங்கள். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, முழுசாக எழுதுங்கள்.

மாஹ்கான்

*

ஹிங்கோல்
30 நவம்பர் 1997

நாத்தனார் மாஹ்கானுக்கு ராஜ்பீபி சலாம். நான் சொல்லச் சொல்ல டீக்கடை ஷம்பே எழுதுகிறார். தாமதமாக வந்த உன் இரண்டு கடிதத்துக்கும் உன் அண்ணன் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். அதனால் நான் சொல்கிறேன். முதலில் மூச்சை விடு. உன் புருஷன் உயிரோடு, முழுசாக, என் வீட்டில் இருக்கிறான். வேளைக்கு நாலு ரொட்டி தின்கிறான்.

அன்றைக்கு நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். முகத்தை மூடின ஒருத்தன் நொண்டிக்கொண்டு ஓடிவந்து என் வீட்டு நிலைக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "நான் உங்க பாஹோட்" என்றான். அடைக்கலம் என்று ஒருத்தன் வாசலைத் தாண்டிவிட்டால் அவன் யாராக இருந்தால் என்ன? உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிப்பதற்குத் துணியை விலக்கினான். பார்த்தால் நம்ம வீட்டு மாப்பிள்ளை. நான்கு வருஷமாக வராதவன் வந்திருக்கிற அழகு இது.

கொஞ்ச நேரத்தில் உன் அண்ணன் மூச்சிரைக்க வந்தார். தண்ணீர் கேட்டார். அப்புறம்தான் மூலையைப் பார்த்தார்.

"வெளிய வாடா."

"வரமாட்டான். என் வாசலத் தாண்டிட்டான்" என்றேன் நான்.

"இவன் யாருன்னு தெரியுமா? நான் மலையிலேர்ந்து வெரட்டிட்டு வர்ற திருடன்."

"உங்களுக்குத் திருடன். எனக்கு அடைக்கலம். தொடுறதா இருந்தா என்னைத் தாண்டிப் போய்த் தொடுங்க."

உன் அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உன் புருஷன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எரிந்தது. அவன் மடியில் துணி மூட்டை ஒன்று அசைந்தது. பிரித்தேன். ராஜாளி. ஒரு சிறகு தொங்குகிறது, மிரளாமல் இருக்க ஆற்றுப் புதரில் பதுங்கின நேரத்தில் இரண்டு கண்ணையும் நூல் போட்டுத் தைத்திருக்கிறான். தையலாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. என் ஊசிவேலைக் கத்தரியை எடுத்து ஒவ்வொரு முடிச்சாக வெட்டிவிட்டேன்.

"அண்ணி, அது என் பறவை. பத்து நாள்ல ஓர்மாராவுல ஷேக்குக்குப் பறவை வாங்குற ஒருத்தர்கிட்டக் குடுத்தா ஷார்ஜா விசா" என்றான்.

"உன் பறவையா? இதுவும் என் வாசலத் தாண்டித்தான வந்துச்சு. இதுவும் என் அடைக்கலம்."

"நான்தான தூக்கிட்டு வந்தேன். அது கேட்டுச்சா?"

"கண்ணத் தெச்சுட்டுக் கேக்கலைங்கிற. உன்ன அவருகிட்டேர்ந்து காப்பாத்துறேன். இத உன்கிட்டேர்ந்து காப்பாத்துறேன். கணக்குச் சரியாப் போச்சு. சாப்புடு."

பத்து நாளும் கெஞ்சினான். அப்புறம் பறவை வாங்க வந்த அந்த ஆளும் போய்விட்டானாம். வேலியைத் தாண்டினால் அடைக்கலம் செல்லாது, அதனால் இப்போது தினமும் வேலிக்குள்ளேயே மணல் எலி பிடித்து ராஜாளிக்கு ஊட்டுவது அவன் வேலை. என் வீட்டில் சும்மா உட்கார்ந்து தின்ன முடியாது.

மாப்பிள்ளை விஷயம் இவ்வளவுதான். பயப்பட வேண்டியது வேறு. உன் அண்ணன் ரேஞ்சருக்கு அறிக்கை அனுப்பிவிட்டார். "பறவை கிடைத்தது, ஆளைத் தெரியும், என் வீட்டு அடைக்கலம், பேர் எழுதமாட்டேன்" என்று. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பதினெட்டு வருஷத்து வேலை அந்த ஒரு வரியில் நிற்கிறது. மலையாடு எண்ணுவதற்கு டிசம்பர் கடைசியில் ரேஞ்சர் வருகிறார். அன்றைக்குத் தெரியும்.

தைலம் நன்றாகக் கேட்கிறது. ஸைனுவுக்கு என் முத்தம்.

ராஜ்பீபி
(எழுதியவன் ஷம்பே. இதில் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.)

*

லியாரி
10 டிசம்பர் 1997

அண்ணனுக்கு,

சலாம். உங்கள் உடம்பைக் கேட்கவே எனக்கு வாய் கூசுகிறது. இருந்தாலும் நலமாக இருங்கள்.

அண்ணியின் கடிதத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் வாசித்தேன். உயிரோடு இருக்கிறார் என்ற வரியில் அழுதேன். அடுத்த பக்கத்தில் அந்த அழுகை வேறு மாதிரி ஆகிவிட்டது.

பாறை அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தீர்களே. நான்தான் சொன்னேன் அண்ணா. மூன்று வெட்டு, நடு வெட்டு, ஒட்டகக் கழுத்து, உச்சி வெயில். இரண்டு தடவை, நிறுத்தி நிதானமாக, பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது மாதிரி வாசித்துக் காட்டினேன். சமாதானம் ஆகப்போகிறது என்று அன்று மீன் குழம்பு வேறு வைத்தேன்.

நீங்கள் ஒளிக்காமல் எனக்கு எழுதினீர்கள். அது திருடனுக்கு வழிகாட்டியது. இப்போது என் புருஷன் என்பதற்காக நீங்கள் ஒளிக்கிறீர்கள், அது உங்கள் வேலைக்கே உலை வைக்கிறது. எனக்காக என்றால் வேண்டாம். ரேஞ்சர் வரும்போது பேரைச் சொல்லிவிடுங்கள். ஜெயிலுக்குப் போனால் போகட்டும், நான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த மலை இல்லாமல் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா இறந்தபோதுகூட மூன்றாம் நாளே மலைக்குப் போனவர் நீங்கள்.

அவருக்கு என் சலாம் வேண்டாம். ஸைனு கேட்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் குற்றவாளித் தங்கை,
மாஹ்கான்

*

லியாரி
31 டிசம்பர் 1997

அண்ணனுக்கு,

சலாம். நலமா? நீங்கள் கடிதம் எழுதி எட்டு வாரமாகிறது. அரசாங்க ஜீப் ஒன்று ஆற்றுப் பக்கம் போனதைப் பார்த்ததாக இஸா சொன்னார். திரும்பி வந்ததைப் பார்க்கவில்லையாம். அதில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், ஒன்றும் தெரியவில்லை. நாளை முதல் நோன்பு. ஒரு வரி போதும்.

மாஹ்கான்

*

ஹிங்கோல் ஆற்று முகம்
5 ஜனவரி 1998

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் சலாம். எல்லோரும் நலம், நான் சொல்வது நிஜமான நலம். எழுதாததற்கு மன்னித்துக்கொள். அரைகுறை ஹால் எழுதக் கை வரவில்லை, முழு ஹால் எழுத இன்றுதான் முடிந்தது.

ரேஞ்சர் சாகிப் இருபத்திரண்டாம் தேதி காலையில் வந்தார். கலாத் பக்கத்துக்காரர், நம் வழக்கம் தெரிந்தவர், அதிகம் பேசமாட்டார். என் வீட்டு முன்னால் சவுக்கு நிழலில் பாய் விரித்தேன். ராஜ்பீபி உள்ளிருந்து டீ அனுப்பினாள். பாதி டீ வரைக்கும் ஆடுகளைப் பற்றிப் பேசினார். அப்புறம் என் அறிக்கையைப் பையிலிருந்து எடுத்தார். உரையாடலை அப்படியே எழுதுகிறேன்.

"இதுல பேரு இல்லையே, சப்ஸல்."

"இல்ல சாகிப்."

"பேரு தெரியாதா?"

"தெரியும். என் வீட்டு அடைக்கலம்."

"அது எனக்குப் புரியுது. ஆபீஸ்ல இருக்கிற காகிதத்துக்குப் புரியாது."

நான் தொப்பியைக் கழற்றினேன். வில்லையையும் பிடுங்கி அதற்குள் போட்டுப் பாயில் அவர் பக்கமாக வைத்தேன். உன் கடிதம் அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. பேரைச் சொல்லச் சொல்லி நீயே எழுதிவிட்டாய், ஆனாலும் நாக்கு எழவில்லை. சொல்லியிருந்தால் ராஜ்பீபியின் வாசலுக்கு என்ன மரியாதை? தலையில் காற்று பட்டது. பதினெட்டு வருஷத்தில் பகலில் அந்தத் தலையில் காற்றே பட்டதில்லை. அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

சாகிப் தொப்பியைத் தொடவில்லை. "அந்த வாசலுக்குள்ள நான் காலெடுத்து வெக்கமாட்டேன். ஆனா நான் வெளியில உக்காந்திருப்பேன். நேரம் இருக்கு" என்றார். உட்கார்ந்தேவிட்டார். இரண்டாவது டீ வந்தது. மூன்றாவதும் வந்தது.

அப்போது பாய்த் தட்டிக்குப் பின்னால் கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்டது. உன் புருஷன் வெளியே வந்தான். ராஜ்பீபி "டேய்" என்று ஒரு குரல் கொடுத்தாள். அவன் நிற்கவில்லை. நேராக வந்து வெயிலில் உட்கார்ந்தான்.

"நான்தான் சாகிப். பேரு தில்முராத். லியாரி. பறவையப் புடிச்சதும் நான்தான், கண்ணத் தெச்சதும் நான்தான்."

"யாரும் உன்ன வெளிய அனுப்பினாங்களா?"

"இல்ல. தட்டி ஓட்டை வழியாப் பாத்துக்கிட்டிருந்தேன். அந்தத் தொப்பிய அவரு கீழ வெச்சது எனக்கு ஒத்துக்கல. எடுத்து மாட்டச் சொல்லுங்க. ஆட்டுக்கு ஆயா வேலைக்கு வேற ஆள் கெடைக்காது."

நான்கு வருஷமாக என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்த அதே வார்த்தை, மாஹ்கான். சாகிபுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சிரித்தேன், அவனும் சிரித்தான், உள்ளே ராஜ்பீபி சிரித்த சத்தமும் கேட்டது.

பறவை உயிரோடு இருக்கிறது, பிடித்தவனே தானாக ஒப்படைத்துவிட்டான் என்று சாகிப் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஜெயில் இல்லை. ராஜாளி பறக்கிற வரைக்கும் அவன்தான் அதற்குத் தீனி போட வேண்டும், ஆடு எண்ணுகிற நாட்களில் தண்ணீர்க் கேன் சுமக்க வேண்டும். பேரை மறைத்ததற்கு எனக்கும் தண்டனை உண்டு. மார்ச் முதல் ஒரு வருஷம் மலையில் வேலையில்லை, தூரத்து ஆமைக் கடற்கரைக்குப் போக வேண்டும். தினமும் மீன் கிடைக்கும் என்று ராஜ்பீபிக்கு ஒரே சந்தோஷம்.

வேலை இருக்கிறது. தொப்பி இருக்கிறது. உன் புருஷன் இருக்கிறான். நீ போய் நிம்மதியாக நோன்பு திற.

உன் அண்ணன்,
சப்ஸல்

*

ஹிங்கோல்
8 பிப்ரவரி 1998

மாஹ்கானுக்கு,

சலாம். நான் நலம். நீ நலமா, ஸைனு நலமா? கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். உன் அண்ணன் எதிரில் உட்கார்ந்துகொண்டு "எதையும் விழுங்காம எழுது" என்கிறார்.

ஒன்பது நாள் ஆடு எண்ணினோம். நான் தண்ணீர் சுமந்தேன். பேசினால் உன் அண்ணன் முறைப்பார், இருமினால் முறைப்பார். மூன்றாம் நாள் நான் தும்மியதில் நாற்பது ஆடு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. முதலிலிருந்து எண்ணினோம்.

ராஜாளியின் வளைந்த இறகுகளை வெந்நீர் ஆவியில் காட்டி நிமிர்த்தினோம். சிறகு தேறிவிட்டது. முதலில் என் கையைக் கண்டாலே கொத்தும். இப்போது என் குரலுக்குத் தலையைத் திருப்புகிறது. பார்க்கிற அந்தக் கண்ணைத்தான் நான் தைத்தேன். அதை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உன்னைப் படிக்கச் சொல்லிப் பாறையைத் தெரிந்துகொண்டேன். அது உன்னை ஏமாற்றியதுதான். உன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆட்டை எண்ணிக்கொண்டிருந்ததால் அவருக்குக் காதில் விழவில்லை. உன்னிடம் நேரில் கேட்கிறேன்.

தில்முராத்

*

ஹிங்கோல் ஆற்று முகம்
4 மார்ச் 1998

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் சலாம். நாங்கள் நலம், நீங்கள் நலமாக இருக்க துஆ. அவன் மன்னிப்புக் கேட்டது என் காதில் விழுந்தது. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று விட்டேன், நீயும் அப்படியே செய்.

நேற்று ராஜாளியை விட்டுவிட்டோம். கூழைக்கடாக்கள் கிளம்பிவிட்டன, காற்றும் வடக்கே திரும்பிவிட்டது. கடற்கரைக்கு மாறுவதற்கு முன்னால் மலையில் என் கடைசி வேலை அதுதான். நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். ராஜ்பீபி முட்டியோடு பாதி மலை வரைக்கும் வந்து, "என் அடைக்கலம், ஒழுங்கா அனுப்பிவையுங்க" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள். துணியை நான் பிரித்தேன். அவன் கையை உயர்த்தினான். அது உடனே போகவில்லை. அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தது. பிறகு ஒரே உதறல், கீழே விழுவது போலப் பள்ளத்தில் இறங்கிக் கடல் மேல் எழும்பியது. கண்ணுக்கு மறைந்த பிறகும் அவன் கையை இறக்கவில்லை, நான்தான் பிடித்து இறக்கிவிட்டேன்.

எந்த மலை, எந்தப் பாறை என்று இந்தக் கடிதத்தில் இல்லை. தேடாதே. இனி என் ஹாலில் ஒரு வெட்டு விழுந்துதான் வரும், அப்பா மன்னிக்கட்டும். உன் மேல் கோபமில்லை, காகிதத்தின் மேல் பயம்.

உன் வீட்டுக்காரரை அடுத்த வாரம் இஸாவின் லாரியில் ஏற்றிவிடுகிறேன். பேரீச்சையை இவர் மடியில் வைத்து அனுப்புகிறேன். முழுப் பை வந்து சேர வேண்டும்.

சப்ஸல்

*

லியாரி
16 மார்ச் 1998

அண்ணனுக்கும் அண்ணிக்கும் மாஹ்கானின் சலாம். நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்று எழுதி எவ்வளவு நாளாயிற்று. பை முழுசாக வந்தது, கட்டுகூட அவிழவில்லை.

வியாழக்கிழமை மதியம் வந்து இறங்கினார். கறுத்து இளைத்து, ஆடு மாதிரி தாடியோடு. ஸைனு முதலில் அண்ணிக்கு ஏதோ உறவுக்காரர் என்று நினைத்துவிட்டாள். பாய் போட்டு உட்கார வைத்து, "வந்தவர் ஹால் சொல்லுங்க, எதையும் விழுங்கக் கூடாது" என்றேன். இரண்டு மணி நேரம் சொன்னார். நிலைக்காலைப் பிடித்தது, எலி பிடித்தது, தும்மியது, தொப்பி கீழே இருந்தது. அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார். கடைசியில் ராஜாளி பறந்துபோனதைச் சொல்லும்போது கை தானாகவே மேலே போயிற்று.

நான் கேட்டேன், "எந்த மலையில வெச்சு விட்டீங்க?"

"மலையிலதான்."

"அதான் எந்தப் பாறை?"

பழையபடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "மறந்துபோச்சு" என்றார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய ஆட்டத்தில் எந்த மூலையிலிருந்து பந்து வந்தது, யார் செருப்பை வீசினார்கள் என்று இன்றைக்கும் சொல்கிற மனிதர் அவர். ஒன்பது நாளில் ஒரு மலையே மறந்துபோய்விட்டதாம்.

மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அந்த ஒரு வார்த்தையில் இறங்கிவிட்டது. எழுந்து போய் மீன் குழம்பு வைத்தேன். இந்தத் தடவை காரணம் சரியாக இருந்தது.

அதனால் ஹாலில் வெட்டு விழ வேண்டாம் அண்ணா. கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும், எந்த வளைவில் எந்த ஆமை ஏறுகிறது என்று அடையாளத்தோடு எழுதுங்கள். நான் முன்போலவே சத்தமாக வாசிப்பேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கேட்கட்டும்.

அன்புத் தங்கை,
மாஹ்கான்